கை உடைந்தது, வேலையும் போகிறது: ஈ.எஸ்.ஐ.யில் எதற்கு விண்ணப்பிப்பது?

கேள்வி, 4 ஜூன் 2023 (இதில் வரும் சட்டமும் விதியும் அந்த வருடத்து நிலவரப்படி)

பம்ப் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் மூன்று வருடமாக வேலை. சம்பளம் 14,300. ஏப்ரல் 24 அன்று இரண்டாம் ஷிப்டுக்குப் பைக்கில் போகும்போது மணலில் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. தனியார் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆறு வாரமாக வீட்டில்தான். போன வாரம் சூப்பர்வைசர் போன் செய்து, "ஆள் குறைக்கிறோம், ஒரு நாள் வந்து பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ" என்றார். வேலை போனவர்களுக்கு ஈ.எஸ்.ஐ.யில், அதாவது அரசின் தொழிலாளர் காப்பீட்டில், பாதிச் சம்பளம் தருகிறார்களாமே? அதற்கு எப்படி விண்ணப்பிப்பது?

4 ஜூன், இரவு

தப்பான கவுன்டரில் நிற்கிறீர்கள் தம்பி. நீங்கள் இப்போது வேலை இழந்தவர் இல்லை. அடிபட்டு வேலைக்குப் போக முடியாதவர். இரண்டுக்கும் பணம் வேறு, காகிதம் வேறு.

வேலை இழந்தவருக்குத் தருவது அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. சராசரி தினக்கூலியில் பாதி, அதிகபட்சம் 90 நாள், வாழ்நாளில் ஒரே ஒரு தடவை. அந்த ஒரே தோட்டாவை இப்போதே சுட்டுவிடாதீர்கள்.

வழியில் நடந்த விபத்து என்பதால் உங்களுக்கு நோய்ப் பணம்தான் கிடைக்கும். 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. 14,300-ஐ 26-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 550. அதில் 70 சதவீதம் 385. பாதிச் சம்பளமான 275-ஐ விட அது மேல்தானே. முதலில் ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போய் டாக்டரிடம் சான்று வாங்குங்கள்.

5 ஜூன், காலை

நேற்று எழுதியதில் பெரிய தப்பு. தூக்கம் வராமல் பழைய ஃபைலைப் புரட்டியபோதுதான் உறைத்தது.

வழியில் நடந்த விபத்து வேலைக் காயத்தில் சேராது என்பது பழைய கதை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சீனியர்கள் சொல்லிச் சொல்லி மண்டையில் ஏறிவிட்டது. ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் 51E என்று ஒரு பிரிவை 2010-லேயே சேர்த்துவிட்டார்கள். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலோ வேலை முடிந்து திரும்பும் வழியிலோ அடிபட்டால், நேரமும் இடமும் சூழ்நிலையும் வேலையோடு பொருந்தி வந்தால், அது வேலையில் பட்ட காயமாகவே கணக்கு.

அப்படியென்றால் உங்களுக்கு 70 இல்லை, 90 சதவீதம். தற்காலிக ஊனப் பணம் என்று பெயர். 550-ல் 90 சதவீதம் 495. 42 நாளுக்கு 20,790 ரூபாய். நோய்ப் பணம் மாதிரி 91 நாள் வரம்பும் கிடையாது. டாக்டர் "இன்னும் ஆகவில்லை" என்று எழுதும் வரைக்கும் உண்டு. இத்தனை நாள் பங்களிப்பு (சம்பளத்தில் பிடித்து ஈ.எஸ்.ஐ.க்குக் கட்டுவது) இருக்க வேண்டும் என்ற கணக்கும் இதற்கு இல்லை. சேர்ந்த முதல் நாளே விழுந்தாலும் உண்டு.

நான் சொன்னதைக் கேட்டு நீங்கள் இன்று காலையிலேயே நோய்ப் பணத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தால் மன்னிக்கவும். அதுவும் ஒன்றும் கெட்டுப்போகாது. வேலைக் காயம் என்று முடிவாகும் வரை நோய்ப் பணமாகக் கொடுத்துவிட்டு, முடிவானதும் வித்தியாசத்தைச் சரிக்கட்டுவார்கள். ஒரே நாளுக்கு இரண்டும் கிடைக்காது, அவ்வளவுதான்.

5 ஜூன், மாலை

கேட்டிருக்கிறீர்கள்: வழியில் டீ குடிக்க நிறுத்தினால் போய்விடுமா என்று. டீக்கடை வழியிலேயே இருந்தால் ஒன்றும் ஆகாது என்றுதான் நினைக்கிறேன். மச்சான் வீட்டுக்கு எட்டுக் கிலோமீட்டர் சுற்றிப் போய் அங்கிருந்து கிளம்பி விழுந்தால்தான் சிக்கல். வீடு, வேலை, இடையில் வழக்கமான பாதை, ஷிப்டு நேரத்துக்கு முன்னால் விழுந்திருக்கிறீர்கள். இதைக் காகிதத்தில் காட்ட வேண்டும். ஷிப்டு அட்டவணை, ஆஸ்பத்திரியில் சேர்த்த நேரம் போட்ட சீட்டு, போலீஸில் பதிவு இருந்தால் அது, தூக்கிவிட்டவர் யாராவது இருந்தால் அவர் கையால் நாலு வரி. இவற்றை எடுத்து வையுங்கள்.

கம்பெனி விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும், படிவம் 12. அதைத்தான் அனுப்பாமல் இழுப்பார்கள். நீங்களே கம்பெனிக்கு எழுத்தில் தகவல் கொடுத்து, நகலில் சீல் வாங்கி, அதை எடுத்துக்கொண்டு ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் போங்கள். சீல் போட மாட்டேன் என்றால் பதிவுத் தபால். மாதம் 108 ரூபாய் உங்கள் சம்பளத்தில் பிடிக்கிறார்கள், கம்பெனி பங்கு அதற்கு மேல். இது இனாம் இல்லை.

6 ஜூன்

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று ஒருவர் கேட்டார். சட்டம் படித்தவன் இல்லை. பவர் பிரஸ் ஆபரேட்டர். இடது கை ஆள்காட்டி விரலில் ஒரு கணு இல்லை.

2018-ல் நடந்தது. வாஷர் அடிக்கும் டை. பெடலை மிதித்தால் ராம், அதாவது மேலிருந்து இறங்கி அடிக்கும் பாகம், ஒரு தடவை இறங்கி ஏற வேண்டும். அன்று ஏறியது மறுபடியும் தானாக இறங்கியது. வலி முதலில் தெரியவில்லை. கிளவுஸ் நுனி தட்டையாகக் கிடப்பதைத்தான் பார்த்தேன். "கிளவுஸ் போச்சே" என்றுதான் தோன்றியது. அதற்கு அப்புறம்தான் மற்றது.

தனியார் கிளினிக்கில் தையல் போடும்போதே மேனேஜர் வந்துவிட்டார். ஐயாயிரம் ரூபாயைச் சட்டைப்பையில் வைத்தார். "வீட்டில் கதவிடுக்கில் மாட்டியது என்று சொல்லிவிடு, கம்பெனி பார்த்துக்கொள்ளும்." எனக்கு ஒப்புக்கொள்ளலாம் என்றே தோன்றியது, பொய் சொல்லவில்லை. கூட வந்த பெரிய ஆபரேட்டர்தான் வெளியே கூட்டிப் போய்ச் சொன்னார்: "கண்ணு, விரலு போனது போச்சு. ஆக்சிடென்ட் புக்குல ஏறலைன்னா, விரலு போகவே இல்லைன்னு சொல்லிருவாங்க."

மறுநாள் கட்டோடு போய்ப் புத்தகத்தில் எழுத வைத்தேன். என் சம்பளம் அப்போது 11,700. தினம் 450, அதில் 90 சதவீதம் 405. 48 நாளுக்கு 19,440 வந்தது. மேனேஜரின் ஐயாயிரத்தைத் திருப்பிக் கொடுத்தேனா என்று கேட்காதீர்கள்.

அப்புறம் மெடிக்கல் போர்டு. மூன்று டாக்டர்கள், ஒரு மேசை. ஒருவர் என் விரலைப் பிடித்து மடக்கச் சொன்னார், மடக்கினேன், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், முடிந்தது. சட்டத்தின் அட்டவணையில் விரலுக்கு விரல் ரேட் போட்டிருக்கிறது. ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் 14 சதவீதம், இரண்டு கணு போனால் 11, ஒரு கணு 9, எலும்பு போகாமல் நுனி மட்டும் என்றால் 5. எனக்கு 9. அதாவது 405-ல் 9 சதவீதம், தினம் 36 ரூபாய் 45 காசு, ஆயுள் வரைக்கும். வேலைக்குப் போனாலும் உண்டு. உயிரோடு இருக்கிறேன் என்று மட்டும் அவ்வப்போது சான்று கொடுக்க வேண்டும். முதல் தடவை அந்தப் படிவத்தைப் பார்த்துவிட்டு என் மனைவி, "இதை நான் கையெழுத்துப் போட்டுத் தரலாமா, எனக்குத்தான் நன்றாகத் தெரியும்" என்றாள்.

கிளினிக்கில் அந்தப் பெரியவர் இல்லாவிட்டால் மொத்தமும் ஐயாயிரத்தில் முடிந்திருக்கும்.

6 ஜூன், இரவு

முக்கியமானதை எழுத மறந்துவிட்டேன். அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போடாதீர்கள். என்ன பேப்பர் என்று தெரியாமலேயே சொல்கிறேன். போடாதீர்கள்.

7 ஜூன்

"கையெழுத்துப் போடாவிட்டால் டிஸ்மிஸ் செய்துவிடுவோம் என்கிறார்கள்."

முடியாது. ஈ.எஸ்.ஐ. சட்டம் பிரிவு 73. தற்காலிக ஊனப் பணம் வாங்கும் காலத்தில் ஒருவரை வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ கூடாது. அந்தக் காலத்தில் நோட்டீஸ் கொடுத்தாலும் அது செல்லாது. அதனால்தான் உங்களையே "நானாகப் போகிறேன்" என்று எழுதித் தரச் சொல்கிறார்கள். அவர்களால் செய்ய முடியாததை உங்கள் கையாலேயே செய்துகொள்ளச் சொல்கிறார்கள். அதுவும் உடைந்த கையால்.

9 ஜூன்

போன ஆகஸ்டில் நான் கையெழுத்துப் போட்டேன். அதைத்தான் மூன்று நாளாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

விரல் விஷயத்தில் அவ்வளவு விவரமாக இருந்தவன் வேலை போகும்போது கோட்டை விட்டேன். ஆர்டர் குறைந்துவிட்டது, இரண்டாம் ஷிப்டு இல்லை, 11 பேர் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். ஒவ்வொருவராக ஆபீஸ் அறைக்குள் கூப்பிட்டார்கள். ஏசி அறை. எங்களில் பலர் அந்த அறைக்குள் போனதே அன்றுதான். ஹெச்.ஆர். பெண் டீ வரவழைத்துக் கொடுத்தாள். ஏழு வருடத்தில் கம்பெனி எனக்குக் கொடுத்த ஒரே கண்ணாடி கிளாஸ் டீ.

மேசையில் ஒரு தாள். இங்கிலீஷில் இரண்டே வரி. சொந்தக் காரணங்களுக்காக வேலையை விட்டு விலகுகிறேன், இத்தனை நாள் வாய்ப்புத் தந்ததற்கு நன்றி. "பர்சனல் ரீசன்ஸ்" என்பதில் எழுத்துப் பிழை, "பர்சொன்னெல்" என்று இருந்தது. ஆள் எடுக்கும் டிபார்ட்மென்டுக்குப் போடும் எழுத்து. தேதி போடும் இடம் காலி. "இதில் போட்டால்தான் பி.எஃப்.பும் கிராஜுவிட்டியும் நகரும்" என்றாள். ஃபேன் காற்றில் தாள் பறந்தது. இடது கையை மேலே வைத்து அமுக்கிக்கொண்டு போட்டேன். குட்டை விரல் சரியாக "ரீசன்ஸ்" மேல் நின்றது.

அது பொய். பி.எஃப். நம் பணம், யாரும் கையெழுத்துக்காகப் பிடித்து வைக்க முடியாது. ஐந்து வருடம் முடித்தவருக்கு, விலகினாலும் நீக்கினாலும், கிராஜுவிட்டி என்ற பணிக்கொடை சட்டப்படி வரவேண்டியது. இரண்டுக்கும் அந்தத் தாளுக்கும் சம்பந்தமே இல்லை.

அந்தத் தாளால் போனது வேறு. எனக்கு அடுத்த பிரஸ்ஸில் நிற்கும் நண்பர், என்னோடு அதே வாரம் சேர்ந்தவர், அதே சம்பளம் 15,600. டீயைக் குடித்தார், தாளைப் படித்தார், "எனக்குச் சொந்தக் காரணம் ஒன்றும் இல்லைங்களே மேடம், உங்களுக்குத்தானே காரணம்" என்று எழுந்து வந்துவிட்டார். ஆட்குறைப்பு என்றே ஆணை கொடுக்க வேண்டியதாயிற்று. அவருக்குக் கிடைத்தது: ஆட்குறைப்பு இழப்பீடு வருடத்துக்கு 15 நாள் சம்பளம், 7 வருடத்துக்கு 63,000. ஒரு மாத நோட்டீஸுக்குப் பதிலான சம்பளம் 15,600. ஈ.எஸ்.ஐ.யில் வேலையிழப்புப் பணம் தினம் 300 வீதம் 90 நாளுக்கு 27,000. மொத்தம் 1,05,600.

என் கையெழுத்தின் விலை 1,05,600 ரூபாய். டீ உட்பட.

10 ஜூன்

ஒரு வாசகர் கணக்கைத் திருத்தியிருக்கிறார், சரியாகவே. 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்குவது கிராஜுவிட்டியின் கணக்கு. ஆட்குறைப்பு இழப்பீட்டில் மாதச் சம்பளத்தின் பாதிதான் 15 நாள். 7,800-ஐ ஏழால் பெருக்கினால் 54,600. நண்பரிடம் போன் செய்து கேட்டேன், அவரும் அதுதான் வந்தது என்றார். 63,000 என்று என் மனதில் நின்றது கிராஜுவிட்டித் தொகை. அது எனக்கும் வந்தது.

ஆக லட்சத்தைத் தாண்டவில்லை. 97,200. மனதுக்குக் கொஞ்சம் ஆறுதல் என்று சொல்ல நினைத்தேன், சொல்ல முடியவில்லை.

10 ஜூன், சற்று அப்புறம்

"ராஜினாமா செய்தவருக்கு ஈ.எஸ்.ஐ. பணம் வராதா?"

தானாக விட்டுப் போனவர், விருப்ப ஓய்வு பெற்றவர், வயதாகி ஓய்வு பெற்றவர், ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர் யாருக்கும் இல்லை. சட்டவிரோத வேலைநிறுத்தம் என்றாலும் இல்லை. நான் "தானாக விட்டுப் போனவன்". என் கையெழுத்தே சாட்சி. கிளை அலுவலகத்தில் இருந்தவர் தாளைப் பார்த்துவிட்டு, "ஏங்க இதப் போட்டீங்க" என்று மட்டும் கேட்டார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

14 ஜூன்

நம் தம்பி நேற்று கிளை அலுவலகம் போய் வந்திருக்கிறார். பெயர் பொருந்தவில்லை என்று திரும்பியிருக்கிறார். ஆதாரில் இனிஷியல் முன்னால், வங்கியில் பின்னால், ஈ.எஸ்.ஐ.யில் இனிஷியலே இல்லை, பி.எஃப்.பில் அப்பா பெயரே முழுசாக வந்து இவர் பெயராகிவிட்டது.

இந்தியா முழுமைக்கும் படிவம் தயாரித்தவர் யாரோ, "குடும்பப் பெயர்" என்று ஒரு கட்டம் வைத்துவிட்டுப் போய்விட்டார். நாம் அந்தக் கட்டத்தில் அப்பாவை உட்கார வைக்கிறோம். ஒரு தடவை ஆஸ்பத்திரியில் என் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் இறந்து பத்து வருடம். பெஞ்சில் நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது தடவை கூப்பிட்டபோதுதான் அது நான் என்று புரிந்தது.

விளையாட்டை விடுங்கள். எங்கெங்கே எப்படி இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஆதாரில் உள்ளபடியே மற்ற எல்லாவற்றையும் மாற்றுங்கள். ஆதாரைத் தொடாதீர்கள், அதைத் தொட்டால் கல்யாணப் பத்திரிகை வரை மாற்ற வேண்டி வரும். அடிபடும் வரை யாரும் இதைக் கவனிப்பதில்லை. கை நன்றாக இருக்கும்போது செய்ய வேண்டிய வேலை இது.

இன்னொன்றும் பாருங்கள். இணையதளத்தில் உங்கள் பங்களிப்பு விவரத்தில் மாதத்துக்கு எத்தனை நாள் என்று ஏற்றியிருக்கிறார்கள்? சம்பளத்தை நாளால் வகுத்துத்தான் தினக்கூலி எடுக்கிறார்கள். 26 என்றால் உங்களுக்கு 550. 30 என்றால் 476 ரூபாய் சொச்சம், 90 சதவீதம் 429-தான். நான் 495 என்று சொன்னதை வைத்து வீட்டில் கணக்குப் போட்டிருந்தால், முதலில் இதைப் பார்த்துவிடுங்கள்.

18 ஜூன்

வேலையிழப்புப் பணம் பற்றி மூன்று பேர் தனியாகக் கேட்டுவிட்டார்கள். நண்பர் பட்டதை வைத்து எழுதுகிறேன்.

2018 ஜூலையில் ஆரம்பித்த திட்டம். முதலில் 25 சதவீதம்தான், கொரோனா வந்தபோது 50 ஆக்கினார்கள். வேலை போய் 30 நாள் கழித்து விண்ணப்பிக்கலாம், முன்னே அது 90 நாள். குறைந்தது இரண்டு வருடம் ஈ.எஸ்.ஐ.யில் இருந்திருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று ஆறாறு மாதமாகப் பிரித்திருக்கிறார்கள். வேலை போவதற்கு உடனே முந்தைய ஆறு மாதத்தில் 78 நாள் பங்களிப்பு, அந்த இரண்டு வருடத்தின் மற்ற மூன்றில் ஏதாவது ஒன்றில் 78 நாள். கம்பெனி வழியாகப் போக வேண்டாம். நாமே இணையத்தில் போட்டு, அச்செடுத்து, ஆதாரும் வங்கிப் புத்தக நகலும் வைத்து, 20 ரூபாய் முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கிக் கிளையில் கொடுக்க வேண்டும். காலத்தை அவ்வப்போது நீட்டித்துத்தான் இந்தத் திட்டம் ஓடுகிறது. அதனால் போடுவதற்கு முன் நடப்பில் இருக்கிறதா என்று கிளையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

நண்பருக்கு முதல் தடவை உள்ளேயே போகவில்லை. காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்ததை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. கம்பெனி மாதாமாதம் ஈ.எஸ்.ஐ.க்கு ஏற்றும் எக்செல் தாளில், ஒருவருக்கு வேலைநாள் பூஜ்யம் என்றால் ஏன் என்று ஒரு எண் போட வேண்டும். 1 என்றால் விடுப்பு. 2 வேலையை விட்டார். 3 ஓய்வு பெற்றார். 5 இறந்தார். 9 வேலைநிறுத்தம் அல்லது கதவடைப்பு. 10 ஆட்குறைப்பு. 11 வேலை இல்லை. நண்பர் மேல் உள்ள கடுப்பிலோ சோம்பலிலோ, 1 என்று போட்டு வைத்திருந்தார்கள். ஆகஸ்டு, செப்டம்பர், அக்டோபர் மூன்று மாதமும் அவர் லீவில் இருந்திருக்கிறார். ஏட்டில் அவருக்கு வேலை போகவே இல்லை. "மூணு மாசம் லீவு கேட்டா குடுத்திருப்பாங்களா?" என்று அவர் கேட்டார்.

ஆட்குறைப்பு ஆணையின் நகலோடு நேரில் போய் உட்கார்ந்து 10 போட வைத்தோம். கடைசி வேலை நாள் தேதியையும் சேர்த்து. அதே ஹெச்.ஆர். பெண்தான் மாற்றினாள். இந்தத் தடவை டீ வரவில்லை.

19 ஜூன்

முத்திரைத்தாள் வேண்டாம். 2020 நவம்பரிலேயே அந்த உறுதிமொழியை எடுத்துவிட்டார்களாம். ஸ்கேன் செய்து இணையத்திலேயே ஏற்றினால் போதும், ஏற்ற முடியாதவர்கள் கையெழுத்திட்ட அச்சுப்படியைத் தபாலிலோ நேரிலோ கொடுக்கலாம். நண்பர் பழைய செய்தியைப் பார்த்துவிட்டு முத்திரைத்தாள் வாங்கியிருந்தார். கிளையில் அதைத் திருப்பிக் கொடுத்ததாக இப்போது சொல்கிறார். நேற்றே சொல்லியிருக்கலாம். "நீ கேட்கவில்லையே" என்கிறார்.

25 ஜூன்

தொழிற்சங்கத்தில் பழம் தின்று கொட்டை போட்ட ஒரு ஐயா இன்று போனில் பிடித்துக்கொண்டார். "ஆட்குறைப்புன்னு ஆர்டர் வாங்கின ஆளுக்கு ஏன்யா தொண்ணூறு நாள் திட்டம்? ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா இருக்குல்ல?"

எனக்கு அது தோன்றவே இல்லை. 2005 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. ஆலை மூடப்பட்டாலோ, தொழில் தகராறு சட்டப்படி ஆட்குறைப்பு நடந்தாலோ, வேலைக்குச் சம்பந்தமில்லாத காயத்தால் 40 சதவீதத்துக்குக் குறையாத நிரந்தர ஊனம் வந்து வேலை போனாலோ அதில் வரலாம். 24 மாதம் வரை. முதல் வருடம் பாதி, இரண்டாவது வருடம் கால்வாசி. அதாவது நண்பரிடம் இருந்த அந்த ஆணைக்கு 90 நாளுக்கு மேலும் வலு இருந்தது.

அவரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன், சொன்னேன். அவர் நிதானமாகக் கணக்குப் போட்டார். அவருக்கு நாலாவது மாதமே வேறு வேலை கிடைத்துவிட்டது, வேலை கிடைத்தால் பணம் நின்றுவிடும். 120 நாளுக்கு 36,000. கிடைத்தது 27,000. "ஒன்பதாயிரம்தானே, விடு. நீ விட்டதை நினைச்சா எனக்கு இது கொசுறு" என்றார். இவரை நண்பர் என்று எழுதி வருகிறேன்.

2 ஜூலை

சில்லறைக் கேள்விகள்.

பி.எஃப்.: 2023 விதிப்படி, வேலை போய் ஒரு மாதத்தில் 75 சதவீதம் எடுக்கலாம், இரண்டு மாதத்தில் மீதி. கம்பெனி விலகிய தேதி போடாவிட்டால், கடைசிப் பங்களிப்பிலிருந்து இரண்டு மாதம் கழித்து நாமே போட்டுக்கொள்ளலாம். எடுக்கலாம் என்பதற்காக எடுக்காதீர்கள். நான் எடுத்தேன், பிரிட்ஜாக மாறியது.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தால் மாதாமாதம் பணம் வருமே என்று கேட்டவருக்கு: அது தமிழ்நாடு அரசின் உதவித்தொகை. பதிந்து ஐந்து வருடம் காத்திருக்கும் இளைஞர்களுக்கு. பத்தாவது தேறியவருக்கு 300, பட்டதாரிக்கு 600, மூன்று வருடம் வரை. நேற்று வேலை போனவருக்கு அது இல்லை.

சம்பளம் 21,000-க்கு மேல் என்பதால் ஈ.எஸ்.ஐ. இல்லாதவர்: வேலையிழப்புப் பணம் கிடையாது. வேலையில் அடிபட்டால் 1923-ம் வருட இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது, தொழிலாளர் துணை ஆணையரிடம் மனுப் போட வேண்டும். வருட நடுவில் சம்பளம் உயர்ந்து 21,000-ஐத் தாண்டினால் அந்த ஆறு மாதக் கணக்கு முடியும் வரை நீங்கள் ஈ.எஸ்.ஐ.க்குள்தான். அதைக் கம்பெனி சொல்லாது.

16 ஜூலை

தம்பிக்குப் பணம் வந்துவிட்டது. வேலைக் காயம் என்று ஏற்றுக்கொண்டார்கள். ஷிப்டு அட்டவணையும் ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்த மதியம் 1:40-ம் காப்பாற்றின. நாள் கணக்கு 26-தான், 495 வீதம். சான்று இன்னும் முடியவில்லை. கட்டுப் பிரித்துவிட்டார்கள். மணிக்கட்டு முழுசாகத் திரும்பவில்லை, பாட்டில் மூடி திறக்க இடது கைதான். சான்று முடிந்ததும் திரும்பாத கைக்கு மெடிக்கல் போர்டு கேளுங்கள், பழைய எக்ஸ்ரே ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள்.

நேற்று கம்பெனிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். போயிருக்கிறார். தாளை நீட்டியதும் "வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன்" என்று போனில் படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அந்தப் படத்தை எனக்கு அனுப்பினார். இங்கிலீஷில் இரண்டு வரி. தேதி போடும் இடம் காலி. என் கம்பெனிக்கும் இவர் கம்பெனிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பெரிதாக்கிப் பார்த்தேன். "பர்சொன்னெல் ரீசன்ஸ்."